உங்களுக்கு முன்னே செல்லும் உங்கள் முகம்

தொழிலுக்கும் வேலைக்கும் ஏற்ற புகைப்படத்தைத் தெரிந்தெடுப்பது எப்படி?



சொந்த ஊரில் ஒருவரை அறிமுகப்படுத்தப் புகைப்படம் தேவைப்படுவதில்லை. "இன்னாருடைய மகன், இன்ன தெருவில் வீடு" என்று சொன்னால் போதும். மீதியை ஊரே அறிந்திருக்கும். பிழைப்பைத் தேடி மும்பைக்கும் பெங்களூருக்கும் டில்லிக்கும் வந்துவிட்ட நமக்கு அந்த வசதி இல்லை. தாராவியில் குடியிருக்கும் எலக்ட்ரீஷியனை அந்தேரியில் உள்ள வீட்டுக்காரர் அறியார். அல்சூரில் டியூஷன் நடத்தும் ஆசிரியையை ஒயிட்ஃபீல்டில் உள்ள தாய் அறியார். அவர்கள் முதலில் காண்பது கைப்பேசித் திரையில் கட்டைவிரல் நகத்தின் அளவுக்குத் தெரியும் ஒரு முகத்தையே. அழைப்பதா, அடுத்தவரைத் தேடுவதா என்பதை அந்த முகத்தைப் பார்த்தே பலர் முடிவு செய்துவிடுகிறார்கள்.

அப்படியிருந்தும் நம்மில் அநேகர் இந்தப் படத்தைப் பற்றிச் சற்றும் சிந்திப்பதில்லை. யாரோ ஒருவருடைய கலியாணத்தில் எடுத்த கூட்டப் படத்திலிருந்து தம் முகத்தை மட்டும் வெட்டி வைத்திருப்பார்கள். பக்கத்தில் நின்றவரின் தோள் அதில் மீதியிருக்கும். வேறு சிலர் ஐந்நூறு ரூபாய் செலவழித்து ஸ்டூடியோவில் எடுத்திருப்பார்கள். ஆனால் நேரில் பார்த்தால் அடையாளம் தெரியாத அளவுக்கு அதில் முகம் வெளுத்திருக்கும். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள நல்வழியைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அறிமுகச் சீட்டான படம்

பிரான்சு தேசத்தில் 1839ஆம் ஆண்டு லூயி டாகர் என்பவரின் முறை வெளியிடப்பட்டபோது, புகைப்படம் என்பது ஒரு தகட்டில் பதியும் ஒரே படமாக இருந்தது. அதற்குப் பிரதி எடுக்க வழியில்லை. ஆகவே அது செல்வந்தரின் பொருளாகவே இருந்தது. 1854ஆம் ஆண்டு ஆந்திரே டிஸ்தேரி என்னும் பாரிஸ் நகரப் புகைப்படக்காரர், ஒரே தகட்டில் பல சிறு படங்களைப் பதிவு செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பிறர் வீட்டுக்குச் செல்வோர் வாசலில் கொடுத்தனுப்பும் பெயர்ச்சீட்டின் அளவுக்கு, ஏறக்குறைய 6 சென்டிமீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் உள்ள அட்டையில் அப்படங்கள் ஒட்டப்பட்டன. விலை குறைந்தது, சாமானியரும் தம் முகத்தைப் பிறருக்குக் கொடுக்கத் தொடங்கினர். இன்றைய விசிட்டிங் கார்டு படத்துக்கும் வாட்ஸ்அப் படத்துக்கும் அதுவே முன்னோடி.

அமெரிக்காவில் 1860ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் தேதி, நியூயார்க் நகரில் மிக முக்கியமான உரையொன்றை ஆற்ற வந்திருந்த ஆபிரகாம் லிங்கன், அதே நாளில் மாத்யூ பிரேடியின் ஸ்டூடியோவில் படம் எடுத்துக்கொண்டார். அவருக்குக் கழுத்து நீளம். சட்டைக் காலரைச் சற்று மேலே இழுத்துவிடும்படி பிரேடி கேட்டுக்கொண்டார்.  லிங்கனின் முகத்துக்குப் பதில் வேறொரு முகத்தை அவர் வைக்கவில்லை. அந்தப் படம் அச்சாகித் தேசமெங்கும் பரவி, அவரை ஒருபோதும் கண்டிராத மக்களுக்கு அவரை அறிமுகப்படுத்திற்று. அவ்வாண்டு இறுதியில் அவர் ஜனாதிபதியாகத் தெரிந்தெடுக்கப்பட்டார்.

1997ஆம் ஆண்டு மேலாண்மை எழுத்தாளர் டாம் பீட்டர்ஸ், 'ஃபாஸ்ட் கம்பெனி' என்ற அமெரிக்க இதழில் ஒரு கட்டுரை எழுதினார். நிறுவனங்கள் தம் வணிகப் பெயரைப் பேணுவதுபோல, வேலை செய்யும் ஒவ்வொருவரும் தம் பெயரைப் பேண வேண்டும் என்பது அதன் சாரம். 'பெர்சனல் பிராண்டு' என்று இன்று பேசப்படுவது அதன்பின்தான் பரவலாயிற்று. வேலைக்கென்றே அமைந்த லிங்க்ட்இன் தளம் 2003இலும், சிறு வணிகருக்கான வாட்ஸ்அப் பிசினஸ் 2018இலும் வந்தன. பெரிய அதிகாரிகளுக்கு மட்டும் உரியதாயிருந்த காரியம் தையற்காரருக்கும் சமையற்காரருக்கும் உரியதாகிவிட்டது.

இது பெருமைக்குரிய காரியம் அல்லவா, நாம் இதில் ஈடுபடலாமா என்று சிலர் தயங்கக்கூடும். கடைக்குப் பெயர்ப்பலகை வைப்பதை ஒருவரும் பெருமை என்று சொல்வதில்லை. தன்னை உள்ளதைவிட உயர்த்திக் காட்டுவது பெருமை. தன்னைத் தேடி வருபவர் தவறிப் போகாதபடி முகத்தைத் தெளிவாகக் காட்டுவது மரியாதை.

ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு

அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்களான ஜெனின் வில்லிஸ், அலெக்சாண்டர் டோடரோவ் ஆகிய இருவரும் 2006ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டனர். அறிமுகமற்ற முகங்களின் படங்களை ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டுமே காட்டி, "இவர் நம்பத்தக்கவரா? திறமையுள்ளவரா?" என்று கேட்டார்கள். அந்தக் கணநேரத்தில் சொல்லப்பட்ட தீர்ப்பு, வேண்டிய மட்டும் பார்த்துச் சொல்லப்பட்ட தீர்ப்போடு பெரும்பாலும் ஒத்திருந்தது. கூடுதல் நேரம் கொடுத்தபோது தீர்ப்பு அதிகம் மாறவில்லை. தாம் சொன்னது சரியே என்ற உறுதி மட்டும் அவர்களுக்குக் கூடிற்று.

இதிலிருந்து ஒரு தவறான முடிவுக்கு வந்துவிடக் கூடாது. முகத்தைப் பார்த்து மனிதனின் குணத்தை அறிந்துவிடலாம் என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. மனிதர் விரைவாகத் தீர்ப்புச் செய்கிறார்கள் என்பதை மட்டுமே அது காட்டுகிறது. அந்தத் தீர்ப்பு தவறாகவும் இருக்கலாம். ஆகவேதான், மங்கலான படத்தினாலும் சுருங்கிய புருவத்தினாலும் நல்ல வேலைக்காரர் ஒருவர் வாய்ப்பை இழந்துவிடாதபடி கவனிக்க வேண்டியதாகிறது.

நம் படத்தை நாமே தெரிந்தெடுக்கலாமா?

நம் முகத்தை நம்மைவிட நன்றாக அறிந்தவர் யார் என்று எண்ணுகிறோம். உண்மை அதற்கு மாறானது. இதை மூன்று ஆய்வுகள் தெளிவுபடுத்துகின்றன.

முதலாவது, நாம் அறிந்திருப்பது கண்ணாடியில் காணும் முகத்தை. அதில் இடம் வலமாகவும் வலம் இடமாகவும் மாறியிருக்கும். 1977ஆம் ஆண்டு விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒவ்வொருவருடைய நேர்ப்படத்தையும் அதன் கண்ணாடிப் பிரதியையும் காட்டி, எது பிடித்திருக்கிறது என்று கேட்டனர். படத்துக்கு உரியவர்கள் கண்ணாடிப் பிரதியையே அதிகம் விரும்பினர்; அவர்களுடைய சிநேகிதரோ நேர்ப்படத்தை விரும்பினர். "படத்தில் நான் நன்றாக விழுவதில்லை" என்று அநேகர் சலித்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது, ஒரே மனிதரின் வெவ்வேறு படங்கள் அறியாதவர் கண்ணுக்கு வெவ்வேறு மனிதராகத் தோன்றும். 2011ஆம் ஆண்டு பிரிட்டனில் நடந்த ஆய்வில், நெதர்லாந்து நாட்டுப் பிரபலப் பெண்கள் இருவரின் படங்கள், ஆளுக்கு 20 வீதம் 40, கலந்து கொடுக்கப்பட்டன. அவர்களை அறியாத பிரிட்டிஷ் மக்கள் அவற்றை ஏழெட்டுப் பேருடைய படங்களென்று பிரித்து வைத்தார்கள். நெதர்லாந்து மக்களுக்கோ இரண்டு பேர் என்பது எளிதில் தெரிந்தது. நம் வீட்டார் எந்தப் படத்தைப் பார்த்தாலும் "நம் பிள்ளைதான்" என்று அறிவார்கள். அந்நியரால் அப்படி அறிய முடியாது.

மூன்றாவது ஆய்வு 2017ஆம் ஆண்டு வெளிவந்தது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மாணவரிடம் அவரவருடைய 12 படங்களைக் கொடுத்து, முகநூலுக்கும் திருமணத் தொடர்புத் தளம் போன்றவற்றுக்கும் வேலைத் தளத்துக்கும் ஏற்ற படத்தைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். அதே படங்களிலிருந்து அந்நியரும் தெரிந்தெடுத்தார்கள். பின்பு இவ்விரு தொகுதிகளையும் வேறு அந்நியரிடம் காட்டி மதிப்பிடச் செய்தபோது, அந்நியர் தெரிந்தெடுத்த படங்களே நல்லெண்ணத்தை அதிகமாக உண்டாக்கின. தம் படத்தைத் தாமே தெரிந்தெடுத்தவர்கள் தமக்கே குறைவு உண்டாக்கிக்கொண்டார்கள்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? படத்தை எடுத்தபின் அதைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பைப் பிறரிடம் ஒப்படைக்க வேண்டும்.

மாநிறமும் கறுப்பும் குறையல்ல

நம் மக்களைக் குறிப்பாகப் பாதிக்கிற ஒரு காரியத்தை இங்கே வெளிப்படையாகப் பேச வேண்டும். ஸ்டூடியோக்காரர் கணினியில் 'டச்சப்' செய்யும்போது, கேளாமலே முகத்தை வெளுப்பாக்கிக் கொடுப்பது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. கைப்பேசிகளில் உள்ள அழகூட்டும் வசதியும் அதையே செய்கிறது. வடநாட்டு நகரங்களில் தோலின் நிறத்தைப் பற்றிப் பேச்சுக் கேட்டுப் பழகிய நம் பிள்ளைகள், வெளுத்த படத்தைக் கண்டு உள்ளுக்குள் மகிழவும் செய்கிறார்கள்.

இதன் வேர் பழையது. வண்ணப்படங்களைச் சரியாக அச்சிட, கொடாக் நிறுவனம் 1950களிலிருந்து ஆய்வுக்கூடங்களுக்கு மாதிரி அட்டைகளை அனுப்பி வந்தது. அவற்றில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். அவள் தோலுக்கு ஏற்றவாறே எல்லாருடைய படமும் சரிசெய்யப்பட்டதால் கறுத்த முகங்கள் விவரமின்றி இருண்டு விழுந்தன. மரச்சாமான் உற்பத்தியாளரும் சாக்லேட் உற்பத்தியாளரும் தங்கள் பொருளின் நிறம் படத்தில் சரியாக வரவில்லை என்று முறையிட்டது, பிலிம் திருத்தப்படுவதற்கு ஒரு முக்கியக் காரணமாயிற்று. 2021ஆம் ஆண்டிலேதான் கூகுள் நிறுவனம் தன் பிக்சல் 6 கைப்பேசியில், கறுத்த தோலை உள்ளபடி காட்டுவதற்கென்று 'ரியல் டோன்' என்ற ஏற்பாட்டை வெளியிட்டது.

நம் நாட்டில் இந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனம் 2020ஆம் ஆண்டு தன் முகப்பூச்சின் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை நீக்கிற்று. டியூபிலிருந்து போன அந்தச் சொல் ஸ்டூடியோக் கணினியிலிருந்து இன்னும் போகவில்லை.

செயற்கை நுண்ணறிவினால் படம் உண்டாக்கும் செயலிகளும் இந்தப் பழைய பழக்கத்தைக் கற்றுக்கொண்டிருக்கின்றன. 2023ஆம் ஆண்டு அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கூடத்தைச் சேர்ந்த ஆசிய வம்சாவளி மாணவி ஒருவர், தம் படத்தை வேலைத் தளத்துக்கு ஏற்றபடி மாற்றித் தரும்படி ஒரு செயலியைக் கேட்டார். அது அவருடைய தோலை வெளுப்பாக்கி, கண்களை நீலமாக்கிக் கொடுத்தது. தொழில்முறையான தோற்றம் என்றாலே வெள்ளைத் தோல்தான் என்று இயந்திரமும் எண்ணுகிறது போலும்.

அடிமையாகப் பிறந்து, தப்பி வந்து, அடிமைத்தனத்தை எதிர்த்துப் போராடிய ஃபிரடெரிக் டக்ளஸ், 19ஆம் நூற்றாண்டில் மிக அதிகமாகப் புகைப்படம் எடுக்கப்பட்ட அமெரிக்கர் என்று ஆய்வாளர் கூறுகின்றனர். அவருடைய படங்கள் ஏறக்குறைய 160 கிடைத்துள்ளன. கறுப்பின மக்களைக் கேலிச்சித்திரமாக வரைந்த காலத்தில், உள்ள முகத்தை உள்ளபடி காட்டும் புகைப்படமே அதற்குப் பதில் என்று அவர் நம்பினார். ஆகையால் படங்களில் நேர்த்தியான உடையோடும் உறுதியான பார்வையோடும் தம்மைக் காண்பித்தார். நமக்கும் அது நல்ல பாடம்.

வெளுப்பாக்கிய படத்தினால் வரும் நஷ்டமும் உண்டு. பெரிய குடியிருப்புகளின் வாசலில் நிற்கும் காவலர், கைப்பேசியில் உள்ள படத்தையும் எதிரே நிற்பவரையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார். படத்தில் ஒருவரும் நேரில் வேறொருவரும் தோன்றினால், வேலைக்கு வந்தவர் சந்தேகத்துக்கு ஆளாகிறார். முதல் சந்திப்பே ஏமாற்றமாகத் தொடங்கினால், அதன்மேல் எந்த நம்பிக்கையைக் கட்ட முடியும்?

படம் எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

1. தூரம்: கையை நீட்டித் தாமே எடுக்கும் செல்ஃபி வேண்டாம். 12 அங்குலத் தூரத்தில் எடுத்த படத்தில் மூக்கு, 5 அடி தூரத்தில் எடுத்ததைவிட ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018ஆம் ஆண்டு வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு கணக்கிட்டது. வேறொருவரை ஐந்தாறு அடி தள்ளி நின்று, கேமராவை உங்கள் கண்ணின் உயரத்தில் வைத்து எடுக்கச் சொல்லுங்கள்.

2. வெளிச்சம்: உச்சி வெயிலில் கண்குழி இருண்டுவிடும், தலைக்கு மேலுள்ள டியூப்லைட்டும் அப்படியே. காலையிலோ மாலையிலோ, நேர் வெயில் விழாத சன்னலைப் பார்த்து நில்லுங்கள். சன்னல் உங்களுக்குப் பின்னால் இருந்தால் முகம் கறுத்து நிழலாகிவிடும். இந்த நகரங்களில் ஒற்றை அறையில் வாழும் குடும்பத்தாரும் மொட்டை மாடியின் நிழலில் நல்ல படம் எடுக்கலாம்.

3. பின்புலம்: வெறுஞ்சுவர் போதும். சுவரிலிருந்து இரண்டு மூன்று அடி முன்னே வந்து நின்றால் நிழல் விழாது. துணி காயும் கொடியும், காலண்டரும், பிறருடைய பிள்ளைகளும் படத்தில் வேண்டாம்.

4. அளவு: லிங்க்ட்இன் தளம், சட்டத்தின் 60 சதவீதத்தையாவது முகம் நிரப்ப வேண்டும் என்று ஆலோசனை கூறுகிறது. வாட்ஸ்அப் போன்றவை படத்தை வட்டமாக வெட்டிக் காட்டுவதால், தலைக்கு மேல் சற்று இடம் விடுங்கள்.

5. உடை: வேலைக்குச் செல்லும்போது எதை அணிவீர்களோ அதையே துவைத்து, இஸ்திரி போட்டு அணியுங்கள். சமையல் ஒப்பந்தக்காரர் கோட்டு அணிய வேண்டியதில்லை. சுத்தமான ஏப்ரனோடு நிற்கலாம். எலக்ட்ரீஷியனுக்கு அவருடைய வேலைச் சட்டையே சாட்சி. செவிலியருக்கு வெளிர்நிறச் சீருடை போதும். ஆனால் பணியிடத்தின் பெயரோ சின்னமோ தெரிவதாயிருந்தால் அங்கே அனுமதி கேட்டுக்கொள்ள வேண்டும்.

6. முகபாவம்: பல்லெல்லாம் தெரியச் சிரிக்க வேண்டியதில்லை, உம்மென்றும் இருக்க வேண்டாம். படம் எடுப்பவரோடு பேசிக்கொண்டேயிருங்கள். பேச்சு முடிந்த மறுகணத்தில் வருகிற முகம்தான் உங்களை அறிந்தவர் அறிந்த முகம்.

நகை அணியாத நம் சகோதரிகளிடம், "கழுத்து வெறுமையாக இருக்கிறதே, ஒரு சங்கிலி சேர்த்துவிடட்டுமா?" என்று ஸ்டூடியோவில் கேட்பதுண்டு. வேண்டாம் என்று தயங்காமல் சொல்லலாம். கழுத்தை ஒட்டிய ரவிக்கையும் ஒரே நிறச் சேலையும் படத்துக்கு அழகாகவே அமையும். அன்றாடம் எளிமையாய் வாழ்பவர் படத்திலும் எளிமையாய் இருப்பதே பொருத்தம்.

ஸ்டூடியோவில் எடுப்பதானால் முன்கூட்டியே மூன்றைக் கேட்டுவிடுங்கள்: விலை என்ன, 'சாஃப்ட் காப்பி'யை முழு அளவில் தருவீர்களா, நிறத்தை மாற்றாமல் தருவீர்களா என்று. முகத்தில் அன்றைக்கு வந்த பருவை நீக்கலாம். பிறவி மச்சத்தையும் வயதின் கோடுகளையும் நீக்கக் கூடாது.

தெரிந்தெடுக்கும் முறை

குறைந்தது பத்துப் பன்னிரண்டு படங்களாவது எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் கண் மூடியதையும் மங்கலானதையும் மட்டும் நீக்கிவிட்டு, மீதியை மூவரிடம் காட்டுங்கள். ஒருவர் உங்கள் தொழிலை அறிந்தவராகவும், ஒருவர் நீங்கள் யாரிடம் வேலை தேடுகிறீர்களோ அவ்வகையைச் சேர்ந்தவராகவும், ஒருவர் உங்களை அதிகம் அறியாதவராகவும் இருக்கட்டும். உங்கள் தாயாருக்கு எல்லாப் படமும் பிடிக்கும். அவர்களை இந்த வேலையிலிருந்து விடுவித்துவிடுங்கள்.

"எதில் அழகாயிருக்கிறேன்?" என்று கேட்காதீர்கள். "இவர்களில் யாரை உங்கள் வீட்டுக்குள் வேலைக்கு விடுவீர்கள்? யாரிடம் உங்கள் பிள்ளையைப் படிக்க அனுப்புவீர்கள்?" என்று கேளுங்கள். மூவரில் இருவர் ஒரே படத்தைக் காட்டினால் அதை எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் மனதுக்கு வேறொன்று பிடித்திருந்தாலும். பின்பு அதை விரல்நக அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். கண்கள் தெரிகின்றனவா என்று கவனியுங்கள்.

அந்த ஒரே படத்தைத் தொழில் சார்ந்த எல்லா இடங்களிலும் வையுங்கள். தாடி வளர்த்தாலோ கண்ணாடி அணியத் தொடங்கினாலோ, இல்லாவிட்டாலும் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறையாவது, புதுப்பித்துவிடுங்கள். முப்பது வயதின் படத்தை நாற்பத்தைந்திலும் வைத்திருப்பது, நிறத்தை மாற்றுவதற்கு ஒப்பானதே.

சில எச்சரிப்புகள்

அரசு ஆவணங்களுக்கான படம் வேறு, தொழிலுக்கான படம் வேறு. ஆதாருக்கும், பாஸ்போர்ட் சேவா மையங்களில் பெரியவர்களுக்கும் அங்கேயே படம் எடுத்துவிடுகிறார்கள். அமெரிக்க விசாவுக்கு 2 அங்குலச் சதுரப் படம், வெள்ளைப் பின்புலத்தோடு, கடைசி ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக வேண்டும். 2016ஆம் ஆண்டு நவம்பரிலிருந்து அதில் மூக்குக்கண்ணாடியும் கூடாது. கணினியில் திருத்திய படமும் ஏற்கப்படாது. வெளிநாட்டு வேலைக்கு முயலும் செவிலியர் இதைக் கவனிக்க வேண்டும்.

பயோடேட்டாவில் படம் கேட்கப்படாவிட்டால் ஒட்ட வேண்டியதில்லை. சகோதரிகள் தம் சொந்த வாட்ஸ்அப் எண்ணில், படத்தை அறிந்தவர் மட்டும் பார்க்கும்படி அமைத்துவிட்டு, தொழிலுக்கு வேறு எண் வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. குழந்தைகளோடு எடுத்த குடும்பப் படத்தைத் தொழிற்பக்கத்தில் வைக்கவே வேண்டாம்.

பிரியமானவர்களே, நல்ல படம் ஒரு கதவைத் திறக்கலாம். அதன்பின் பேசுவது உங்கள் கைவேலையும் நேரந்தவறாமையும்தான். கதவைத் திறந்த வீட்டுக்காரர் உங்கள் முகத்தைப் பார்த்ததும், "ஆம், இவர்தான்" என்று தயக்கமின்றி வழிவிட்டால், அந்தப் படம் தன் வேலையைச் செய்துவிட்டது. இந்த வாரமே சன்னலோரம் நின்று பத்துப் படங்கள் எடுங்கள். தெரிந்தெடுக்கும் வேலையை மட்டும் பிறரிடம் விட்டுவிடுங்கள்.